ஏரி நீரும் சாணைக் கல்லும்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? 2019ஆம் ஆண்டில் அதன் கரையைச் செப்பனிட்டு, நடைபாதையும் பூங்காவும் அமைத்துத் திறந்தார்கள். மாலை வேளையில் கரையில் நின்று பாருங்கள். காற்று அடித்தால் நீர் நெளிகிறது. கையை விட்டால் விலகி வழிவிடுகிறது. வெயில் காய்ந்தால் ஓசையின்றி ஆவியாகி மறைகிறது.

அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இருக்கிறது. 1964இல் தொடங்கப்பட்ட அந்தப் பேட்டையில் லேத்துப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஒரு பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். மூலையில் பச்சை நிறச் சாணைச் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கலாம். கார்பைடு முனை வைத்த லேத் டூலைத் தீட்டுவதற்கு அதைத்தான் பயன்படுத்துவார்கள். எஃகையே சீவித்தள்ளும் அந்த முனை, சாணைச் சக்கரத்திடம் தேய்ந்து போகிறது. அச்சக்கரத்தில் உள்ள பச்சைப் பொடிக்குச் சிலிகன் கார்பைடு என்று பெயர். கார்போரண்டம் என்றும் சொல்வார்கள்.

இப்போது ஒரு கேள்வி. இவ்விரண்டில், அணுவையும் அணுவையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு எதில் வலியது? நீரிலா, சாணைக் கல்லிலா?

"இது ஒரு கேள்வியா? சாணைக் கல்லில்தான்!" என்பீர்கள். அதுதான் இல்லை. நீர் மூலக்கூறில் ஆக்ஸிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் ஒரு பிணைப்பை உடைக்க, ஒரு மோல் அளவுக்குச் சராசரியாக 463 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். சிலிகனையும் கார்பனையும் இணைக்கும் ஒரு பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 310 முதல் 320 கிலோ ஜூல் போதும். பிணைப்புக்குப் பிணைப்பு ஒப்பிட்டால் ஏரி நீரே வலியது!

இரண்டிலும் உள்ளது ஒரே வகைப் பிணைப்புதான். அதுவே சகப் பிணைப்பு. அப்படியானால் வலிய பிணைப்பு கொண்ட பொருள் கைக்கு வழிவிடுவதும், அதைவிட மெலிந்த பிணைப்பு கொண்ட பொருள் எஃகை வெல்லும் முனையைத் தேய்ப்பதும் எப்படி? இந்தப் புதிரை அவிழ்த்துவிட்டால், தேர்வுத் தாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு பிழையை நீங்கள் செய்யமாட்டீர்கள். "சகப் பிணைப்பு வலுவற்றது, ஆகவே சகப் பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு" என்பதே அந்தப் பிழை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதற்பாதி தவறு.

பங்குக் கிணறு

சகப் பிணைப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நம் கிராமங்களில் பங்குக் கிணறு என்று ஒன்று உண்டு. அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். கிணறு வரப்பின் மேல் இருக்கிறது. அதை வெட்டிப் பங்கிட முடியுமா? இருவருக்கும் பொது என்று விட்டுவிடுகிறார்கள். அண்ணனிடம் கேட்டால் "எனக்குக் கிணறு இருக்கிறது" என்பார். தம்பியும் அதையே சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையே. ஆனால் ஒருவரும் கிணற்றைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது.

இரண்டு அணுக்கள் இரண்டு எலெக்ட்ரான்களை இப்படிப் பொதுவில் வைத்துக்கொள்வதே சகப் பிணைப்பு. அணுவுக்கு ஓர் எலெக்ட்ரானாக இரண்டும் போட்ட பங்கு அது. இந்தக் கருத்தை 1916இல் வெளியிட்டவர் அமெரிக்க வேதியியலறிஞர் கில்பர்ட் லூயிஸ். எலெக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் முறையும் அவருடையதே. ஹைட்ரஜன் மூலக்கூறை 'ஹை : ஹை' என்று எழுதினால், நடுவில் உள்ள இரு புள்ளிகளே பங்குக் கிணறு. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் லூயிஸுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை என்பது வேதியியல் வரலாற்றில் ஒரு குறைதான்.

புள்ளி போடுவது எளிது. ஆனால் பொதுவில் வைத்துக்கொண்டால் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும்? அண்ணன் தம்பியர் மனம் வைத்துக் கூடி வாழ்கிறார்கள். அணுவுக்கு மனம் ஏது? உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இனி மின்விசையைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெகு தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் நேர் மின்னூட்டம் கொண்ட ஓர் அணுக்கரு, எதிர் மின்னூட்டம் கொண்ட ஓர் எலெக்ட்ரான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. மெல்ல நெருங்கி வருகின்றன. இப்போது முதல் அணுவின் எலெக்ட்ரானை இரண்டாவது அணுவின் கருவும் இழுக்கிறது. இரண்டாவதன் எலெக்ட்ரானை முதலாவதன் கருவும் இழுக்கிறது. எலெக்ட்ரான்கள் புள்ளிகளாக ஓரிடத்தில் நிற்பவையல்ல; முகில் போலப் பரவியிருப்பவை. அந்த இரு முகில்களும் கலந்து, இரு கருக்களுக்கும் நடுவில் அடர்த்தி மிகுகிறது. எதிர் மின்னூட்டம் அடர்ந்த அந்த நடுப்பகுதியை இரண்டு கருக்களும் தத்தம் பக்கத்திலிருந்து இழுக்கின்றன. இழுப்பவை அதை விட்டு அகல முடியாமல் தாமும் கட்டுண்டு நிற்கின்றன. பிணைப்பு என்பது இதுதான்.

அப்படியானால் இரு கருக்களும் மேலும் மேலும் நெருங்கி ஒன்றோடொன்று மோதிவிடாதா? மோதாது. இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்டவை. மிக நெருங்கினால் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளும். இழுப்பும் தள்ளலும் சமமாகும் ஒரு தொலைவில் நின்றுவிடுகின்றன. ஹைட்ரஜனுக்கு அது 0.74 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம் என்றால் அதன் சிறுமையை எண்ணிப் பாருங்கள். அங்கே போய் நிற்கும்போது இரண்டு கிராம் ஹைட்ரஜனுக்கு 436 கிலோ ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. மீண்டும் பிரிக்க வேண்டுமா? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது போல அதே 436 கிலோ ஜூலை நாம் கொடுக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பிழையையும் கிள்ளி எறிந்துவிடலாம். "பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது" என்று பலர் எண்ணுகிறார்கள். உடைப்பதற்கு எப்போதும் ஆற்றல் செலவுதான். வரவு என்பது புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான். அடுப்பில் எரிவாயு எரிந்து சோறு வேகிறது என்றால், உடைந்த பழைய பிணைப்புகளுக்கான செலவைவிட, புதிதாகத் தோன்றிய கார்பன் டை ஆக்சைடு, நீர் ஆகியவற்றின் பிணைப்புகளால் வந்த வரவு அதிகம் என்று பொருள்.

ஏன் சரியாக இரண்டு எலெக்ட்ரான்கள்? மூன்று பேர் பங்கு கொள்ளக்கூடாதா? இதற்கு லூயிஸால் விடை சொல்ல முடியவில்லை. 1927இல் ஜூரிச் நகரில் ஹைட்லர், லண்டன் என்னும் இரு இளம் இயற்பியலறிஞர்கள் குவாண்டம் கொள்கையைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். (லண்டன் என்பது இங்கே ஊர் அல்ல, ஆள்!) எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு, அது இரண்டே வகை. ஒரே இடத்தில் இரு எலெக்ட்ரான்கள் சேர்ந்திருக்க வேண்டுமானால் அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருக்க வேண்டும். மூன்றாவதற்கு அங்கே இடமில்லை. பலூனில் அடைக்கும் ஹீலியம் தனித்தனி அணுவாகவே திரிவதற்கும் இதுவே காரணம். அதன் இரு எலெக்ட்ரான்களும் ஏற்கனவே இணை சேர்ந்துவிட்டன. பங்கு போடத் தனி எலெக்ட்ரான் இல்லை.

"அணுக்கள் எட்டு எலெக்ட்ரான்களைப் பெற விரும்புகின்றன" என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நினைவில் வைக்க நல்ல விதி. ஆனால் அணு எதையும் விரும்புவதில்லை. போரான் டிரைபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறே எலெக்ட்ரான்கள். கந்தக ஹெக்சாபுளூரைடில் கந்தகம் ஆறு பிணைப்புகளைத் தாங்கி நிற்கிறது. எட்டு என்பது விதியின் பெயர். பிணைப்பின் காரணம் மேலே சொன்ன மின்விசையே.

இரு இணைகளைப் பங்கிட்டால் இரட்டைப் பிணைப்பு. நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் உள்ளது அது. மூன்று இணைகளானால் முப்பிணைப்பு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கான நைட்ரஜனில் இருப்பது இது. உடைக்க 945 கிலோ ஜூல் வேண்டும். பயிரைச் சுற்றி இத்தனை நைட்ரஜன் இருந்தும் உழவர் யூரியா மூட்டை வாங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நீர் கொதிக்கும்போது எது உடைகிறது?

ஆக்ஸிஜனின் வெளிக்கூட்டில் ஆறு எலெக்ட்ரான்கள். அவற்றில் இரண்டு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு பங்கு சேர்கின்றன. மீதி நான்கும் இரு இணைகளாகத் தனியே நிற்கின்றன. ஆக இரு பங்கு இணைகள், இரு தனி இணைகள். நான்கும் எதிர் மின்னூட்டம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்கி நான்கு திசைகளில் பரவுகின்றன. இதனால் நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருக்கிறது. சகப் பிணைப்புக்குத் திசை உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாணைக் கல்லுக்குப் போகும்போது இது தேவைப்படும்.

பங்கு சமமா என்றால், இல்லை. பங்குக் கிணற்றில் அண்ணன் பெரிய மோட்டார் வைத்துவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் அதிகம் பாயும்? ஆக்ஸிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறது. ஆகவே ஆக்ஸிஜன் முனையில் சிறிதளவு எதிர் மின்னூட்டமும், ஹைட்ரஜன் முனைகளில் சிறிதளவு நேர் மின்னூட்டமும் தோன்றுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜனை இழுக்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். பெயரில் பிணைப்பு இருந்தாலும் வலுவில் சகப் பிணைப்புக்கு அருகில்கூட வராது. நீரில் அது ஏறத்தாழ 20 கிலோ ஜூல்; சகப் பிணைப்போ 463.

இப்போது அடுப்பில் நீரை வைப்போம். 18 கிராம் நீரை, அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான நீரை, 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 5 கிலோ ஜூல் ஆகும். அதை முழுவதும் ஆவியாக்க 41 கிலோ ஜூல். மொத்தம் 46. அந்த நீரை அணு அணுவாகப் பிரிக்க வேண்டுமானால் இரு பிணைப்புகளுக்கும் சேர்த்து 926 கிலோ ஜூல் தேவை. இருபது மடங்கு! உங்கள் வீட்டு அடுப்பு அந்த வேலையைச் செய்யவே இல்லை. பாத்திரத்திலிருந்து எழும் ஆவி ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்த கலவை அல்ல. முழு முழு நீர் மூலக்கூறுகளே. மூடியில் பட்டதும் மீண்டும் நீராகச் சொட்டுகிறதே, அதுவே சாட்சி. 2200 டிகிரி வரை சூடேற்றினாலும் நூற்றுக்கு மூன்று மூலக்கூறுகள்தான் உடையும்.

ஒரு சாக்கு நிறையக் கோலிக் குண்டுகள் இருப்பதாக எண்ணுங்கள். சாக்கைச் சாய்த்தால் குண்டுகள் நீர்போல் வழிந்தோடும். கையை விட்டால் வழிவிடும். அதற்காகக் கண்ணாடி மெலிந்த பொருள் என்பீர்களா? ஒரு குண்டும் உடையவில்லை. குண்டுக்கும் குண்டுக்கும் இடையில் பிடிப்பு இல்லை, அவ்வளவே. ஏரி நீரும் அப்படித்தான். நாம் கையால் விலக்குவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மெல்லிய பிடிப்பை. மூலக்கூறுக்குள் உள்ள சகப் பிணைப்பைத் தொடவே இல்லை.

தேங்கிய நீர்நிலைகளின் சேற்றைக் குச்சியால் குத்தினால் குமிழிகள் எழுவதுண்டு. அதில் பெரும்பகுதி மீத்தேன். சாண எரிவாயுவில் இருப்பதும் அதுவே. மீத்தேனில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே நான்கு வலுவான சகப் பிணைப்புகள். ஆனால் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு கூடக் கிடையாது. அதனால் பூச்சியத்துக்குக் கீழே 161 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

கல் முழுவதும் ஒரே மூலக்கூறு

இனி அம்பத்தூர்ப் பட்டறைக்குத் திரும்புவோம். சிலிகனுக்கும் நான்கு கைகள், கார்பனுக்கும் நான்கு கைகள். ஒவ்வொரு சிலிகனும் நான்கு கார்பன்களைப் பற்றுகிறது. ஒவ்வொரு கார்பனும் நான்கு சிலிகன்களைப் பற்றுகிறது. திசை உண்டு என்றோமே, அந்த நான்கு கைகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி, 109.5 பாகை இடைவெளியில் நீள்கின்றன. மேலும் கீழும் பக்கவாட்டிலும் இப்படியே பற்றிக்கொண்டு போனால் மூலக்கூறு எங்கே முடியும்? முடியாது! பொடியின் விளிம்பில்தான் முடிகிறது. சாணைச் சக்கரத்திலுள்ள ஒரு மணலளவுப் பரல் முழுவதும் ஒரே மூலக்கூறு என்று சொல்லிவிடலாம்.

கோலிக் குண்டுகளின் மூட்டை அல்ல இது. ஒரே கண்ணாடிப் பாளம். நழுவுவதற்கும் விலகுவதற்கும் இதில் மெலிந்த இடமே இல்லை. ஒரு துணுக்கைப் பெயர்க்க வேண்டுமானால் சகப் பிணைப்புகளையே உடைக்க வேண்டும், ஒன்றல்ல, கோடிக்கணக்கில். ஒவ்வொன்றும் நீரின் பிணைப்பைவிட மெலிந்ததுதான். ஆனால் நீரிடம் நாம் கேட்பது ஹைட்ரஜன் பிணைப்பை. கல்லிடம் கேட்பது சகப் பிணைப்பை. கேட்கும் இடம் வேறு என்பதால் விலையும் வேறு. சாதாரண அழுத்தத்தில் சிலிகன் கார்பைடை உருக வைக்கவே முடியாது. 2700 டிகிரிக்கு மேல் அது நேராகச் சிதைந்துபோகும்.

பட்டறையில் ஒருவர் குறுக்கிட்டு, "சக்கரம் தேய்கிறதே தம்பி, மாதத்துக்கு ஒன்று மாற்றுகிறோமே?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சக்கரத்தில் பரல்களைக் களிமண் போன்ற ஒரு பசைப்பொருளோடு கலந்து சுட்டு இறுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பிடிப்பு விட்டுப் பரல் முழுதாக உதிர்கிறது. அடியிலிருந்து கூர்மையான புதுப் பரல் மேலே வருகிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

இந்தப் பொருளை 1891இல் கண்டறிந்தவர் எட்வர்ட் அச்சிசன் என்னும் அமெரிக்கர். களிமண்ணையும் கல்கரித் தூளையும் மின்சாரத்தால் கடுமையாகச் சூடேற்றியபோது பளபளக்கும் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டம் என்னும் அலுமினியக் கனிமமும் சேர்ந்த பொருள் என்று கருதி 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அதில் அலுமினியம் இல்லை; சிலிகன்தான். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் அது இருக்கிறது. பெயர்க் குழப்பம் நம்மிடமும் உண்டு. வண்ணம் பூசுகிறவர்கள் தேய்க்கப் பயன்படுத்தும் கறுப்பு உப்புத்தாளில் ஒட்டியிருப்பதும் இதே சிலிகன் கார்பைடுதான், உப்பு அல்ல.

உப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. சமையல் உப்பில் பங்கு என்ற பேச்சே இல்லை. சோடியம் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இரண்டும் அயனிகளாகி மின்விசையால் ஒட்டி நிற்கின்றன. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 9 வோல்ட் பாட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 470 ஓம் மின்தடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றையும் வரிசையில் இணைத்து, நடுவே ஒரு வெட்டு விடுங்கள், எல்.இ.டி.யின் நீண்ட கால் பாட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். வெட்டின் இரு கம்பிகளையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு தம்ளரில் இறக்குங்கள். தம்ளரில் குழாய் நீர் வேண்டாம். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீர் நல்லது. அதில் சர்க்கரையைக் கரைத்தால் விளக்கு எரியாது. தம்ளரைக் கழுவி, வேறு வடிநீரில் உப்பைக் கரைத்தால் எரியும். சர்க்கரை கரையும்போது மூலக்கூறுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றனவே தவிர, உடைந்து மின்னூட்டம் பெறுவதில்லை. உப்புக் கரைசலில் சில வினாடிகள் போதும். நீண்ட நேரம் விட்டால் குளோரின் வாடை எழும். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

ஊர்ப் பெயரில் உள்ள பருத்தி

ஒரு பக்கம் துளித்துளியான நீர் மூலக்கூறு. மறுபக்கம் முடிவில்லாத கல். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டா? உண்டு. பருத்திப்பட்டு என்ற பெயரிலேயே அது இருக்கிறது.

பருத்திப் பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ் என்னும் பொருள். குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலி அது. இரு குளுக்கோஸ்களுக்கு நடுவே ஓர் ஆக்ஸிஜன் அணு நின்று இருபுறமும் சகப் பிணைப்பால் பற்றுகிறது. ஒரு சங்கிலியில் 10,000 குளுக்கோஸ் வரைகூட இருக்கும். தனிக் குளுக்கோஸ் நீரில் உடனே கரையும். 146 டிகிரியில் உருகும். சங்கிலியாகிவிட்டால் இரண்டும் நடப்பதில்லை. சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாகப் படுத்து, நீளம் முழுவதும் ஆயிரமாயிரம் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று மெலிந்ததுதான், ஆயிரம் சேர்ந்தால்? தேங்காய் நார் திரித்துக் கயிறாவது போல.

பருத்தி நூலையும் பாலியெஸ்டர் நூலையும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டிப் பாருங்கள். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். அதன் சங்கிலிகள் சூட்டில் ஒன்றைவிட்டு ஒன்று நழுவிவிடுகின்றன. பருத்தி உருகாது, கருகும். சங்கிலிகள் விலகும் முன்பே சங்கிலிக்குள் உள்ள சகப் பிணைப்புகள் அறுந்துவிடுகின்றன என்பதே அதன் பொருள். நீரில் ஒருபோதும் நடக்காதது இங்கே நடந்துவிடுகிறது!

வேட்டிக்குப் போடும் கஞ்சியும் குளுக்கோஸ் சங்கிலிதான், அரிசி மாவுச்சத்து. கோக்கும் ஆக்ஸிஜன் பிணைப்பின் திசை மட்டும் மாறியிருக்கிறது. அந்தத் திசை மாற்றத்தால் சங்கிலி சுருள்கிறது, வெந்நீரில் குழைகிறது, நம் வயிற்றில் செரிக்கிறது. சோற்றை உண்கிறோம், வேட்டியை உண்பதில்லை. வேறுபாடு ஒரு பிணைப்பின் திசையில் இருக்கிறது.

ஊர்ப்பெயரில் வரும் 'பட்டு' பட்டுத்துணியைக் குறிப்பதல்ல. செங்கற்பட்டில் வருவது போல ஊரைக் குறிக்கும் சொல். இருந்தாலும் பட்டைப் பற்றியும் ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் சகப் பிணைப்பின் திசையை வைத்துச் சென்னையில் ஓர் உலகப் புகழ்பெற்ற வேலை நடந்திருக்கிறது.

பட்டு ஒரு புரதம். புரதமும் சங்கிலிதான், அமினோ அமிலங்களைக் கோத்தது. இச்சங்கிலி எப்படியெல்லாம் வளையும், மடியும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அமினோ அமிலங்களை இணைக்கும் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு, பெயருக்கு ஒற்றைப் பிணைப்பாக எழுதப்பட்டாலும், பாதி இரட்டைப் பிணைப்புப் போல நடந்துகொள்கிறது. இரட்டைப் பிணைப்பைத் திருக முடியாது; ஆகவே அந்தப் பகுதி ஒரு சீட்டு அட்டை போல விறைப்பாக நிற்கும். இரண்டு அட்டைகள் ஒரு கார்பன் அணுவில் சந்திக்கின்றன. அந்தக் கார்பனின் இருபுறமும் உள்ள இரு ஒற்றைப் பிணைப்புகளைச் சுற்றி மட்டுமே சுழற்சி. ஆக, இரண்டே கோணங்கள்!

அந்த இரு கோணங்களுக்கும் எந்த மதிப்பும் வரலாமா? வராது. சிலவற்றில் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொள்ளும். முட்டாத இணைகள் எவை என்று இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கணக்கிட்டு, ஒரு கட்டத்தாளில் குறித்து 1963இல் வெளியிட்டார்கள். தாளின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. சிற்சில தீவுகளே அனுமதிக்கப்பட்டவை. பட்டில் உள்ள நீட்டிய சங்கிலியும் அப்படி ஒரு தீவில்தான் விழுகிறது. 'இராமச்சந்திரன் படம்' என்று உலகெங்கும் வழங்கும் அந்தப் படத்தை, புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிகிறவர்கள் இன்றும் தங்கள் வேலை சரிதானா என்று சோதிக்கப் பயன்படுத்துகிறார்கள். சகப் பிணைப்பின் நீளமும் கோணமும் நினைத்தபடி மாறாதவை என்ற உண்மையே அதன் அடித்தளம்.

இப்போது உங்கள் கையில் உள்ள பென்சிலைப் பாருங்கள். அதன் கரியில் உள்ள கிராஃபைட் முழுவதும் கார்பன். வைரமும் முழுவதும் கார்பன்தான். வைரத்தில் இரு கார்பன்களுக்கு இடைத் தொலைவு 1.54 ஆங்ஸ்ட்ராம், கிராஃபைட்டின் ஒரு தகட்டுக்குள் 1.42 ஆங்ஸ்ட்ராம். தொலைவு குறைந்தால் பிணைப்பு வலிது. அதாவது வைரத்தில் உள்ளதைவிட வலிய சகப் பிணைப்பு பென்சில் கரியில் இருக்கிறது. கிராஃபைட்டின் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம். இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு, வைரம் கண்ணாடியைக் கீறுவதும் பென்சில் காகிதத்திலேயே தேய்ந்துபோவதும் ஏன் என்று உங்கள் நோட்டில் ஐந்து வரிகளில் எழுதிப் பாருங்கள். எழுதுவதும் அந்தப் பென்சிலாலேயே இருக்கட்டும்.